தலைக்குள் 19 மில்லிமீற்றர்: எடுப்பதா, பார்த்துக்கொண்டிருப்பதா?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. வயது 43. வருடக்கணக்காக ஒற்றைத் தலைவலி. மே மாதம் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது தடுக்கி விழுந்து தலையில் அடிபட, சி.டி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அடிபட்ட இடத்தில் ஒன்றுமில்லை, வேறோர் இடத்தில் கட்டி. பிறகு கண்டியில் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்ததில் இடது முன்பக்கம், மண்டையோட்டை ஒட்டினாற்போல், 19 மில்லிமீற்றர் அளவில் மெனிஞ்சியோமா என்ற கட்டி. சுற்றி வீக்கம் இல்லை. "கேன்சர் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்போம். விருப்பமென்றால் ஒப்பரேஷனும் செய்யலாம்" என்றாராம் டொக்டர். வீட்டுக்காரர் உடனே எடுக்கச் சொல்கிறார். மாமியார் தலையைத் திறக்கவே கூடாது என்கிறார். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் இங்கே வந்துவிடு என்கிறான். "நான் என்ன செய்யட்டும் அக்கா?"

நான் டொக்டர் இல்லை தங்கச்சி. நரம்பியல் சத்திர சிகிச்சை வார்டில் 17 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தி பிடித்ததில்லை, ஆனால் கத்திக்கு முன்னும் பின்னும் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த அளவோடு இதை வாசியுங்கள்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது "கட்டி" என்ற சொல்லை விட "விருப்பமென்றால்" என்ற சொல்தான் என்று நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவசரமான கட்டியாக இருந்தால் எந்த சத்திர சிகிச்சை நிபுணரும் விருப்பத்தைக் கேட்கமாட்டார், அன்றைக்கே வார்டில் போட்டிருப்பார். உங்களிடம் கேட்டிருக்கிறார் என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம். முதல் இரண்டு கிழமையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்று நான் வார்டில் எல்லோருக்கும் சொல்வேன். பயத்தில் எடுத்த முடிவைப் பயம் போனபிறகு யாரும் நியாயப்படுத்தி நான் பார்த்ததில்லை.

"கேன்சர் இல்லை" என்றதும் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். அப்போ ஒன்றுமில்லை என்று ஸ்கேனை அலுமாரிக்கு மேலே போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் டொக்டர் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படுவார்கள். இரண்டும் பிழை. மெனிஞ்சியோமா மூளையில் முளைப்பதில்லை, மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் முளைப்பது. அந்தப் பெயரை 1922இல் வைத்தவர் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க சத்திர சிகிச்சை நிபுணர். தலைக்குள்ளேயே தொடங்கும் கட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த வகைதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். இதில் முதலாம், இரண்டாம், மூன்றாம் தரம் என்று உண்டு. பெரும்பாலானவை முதலாம் தரம்: வேறு உறுப்புக்குப் பரவாது, மெதுவாக வளரும். ஆனால் தரத்தை உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் கட்டியில் ஒரு துண்டை நுண்காட்டியில் பார்த்தாக வேண்டும். ஸ்கேனைப் பார்த்து "நல்ல கட்டி" என்று சொல்வது அனுபவத்தால் சொல்லும் கணிப்பு. நல்ல கணிப்புத்தான், என்றாலும் கணிப்புத்தான். ஆறு மாத ஸ்கேன் எதற்கு என்றால் அதற்குத்தான். வேகமாக வளர்ந்தால் கணிப்பு பிழை என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு தகவலும் உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். நெதர்லாந்தில் ரொட்டர்டாம் நகரில் நோய் எதுவும் தேடாமல், சாதாரணமாக நடமாடும் 2000 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. சராசரி வயது 63. நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர் தலையில் மெனிஞ்சியோமா இருந்தது, அவர்களுக்கே தெரியாமல். அந்தக் கணக்கைப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் சந்தையில் தேங்காய் பொறுக்குகிற பாட்டிமாரில் ஒன்றிரண்டு பேர் இதோடு நடமாடிக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் விழாததால் யாரும் படம் எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது தலைவலிக்கு வருகிறேன், ஏனென்றால் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. இருபது வருடமாக இருக்கும் ஒற்றைத் தலைவலிக்கும், வீக்கம் இல்லாத 19 மில்லிமீற்றர் கட்டிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. ஸ்கேன் வந்தபிறகு வரும் ஒவ்வொரு தலைவலியும் "அது வளருது போல" என்று தோன்றும். அது மனித இயல்பு. ஆனால் தலைவலி போகும் என்று நம்பி ஒப்பரேஷனுக்குப் போனவர்கள் ஆறு மாதம் கழித்து, தையல் ஆறி, முடியும் வளர்ந்து, அதே தலைவலியோடு கிளினிக்கில் வந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தலைவலிக்குத் தனியாக மருந்து எடுங்கள். கட்டியைப் பற்றிய முடிவைத் தலைவலியை வைத்து எடுக்காதீர்கள்.

சரி, வழிகள் என்னென்ன? பார்த்துக்கொண்டிருப்பது, வெட்டி எடுப்பது, கதிர் கொடுப்பது. மெனிஞ்சியோமாவைக் கரைக்கும் மாத்திரை கிடையாது. "எங்கள் லயத்து அக்காவுக்கு மாத்திரையிலேயே சுருங்கிப்போச்சு" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் புரோலக்டினோமா என்ற வேறு கட்டியாக இருந்திருக்கும். அதற்கு கேபர்கோலின் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும். தலைக்குள் வரும் எல்லாக் கட்டியும் ஒரே கட்டி இல்லை என்பதை உங்கள் சொந்தக்காரர்களுக்கு ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்லுங்கள், பிறகு பாதித் தொல்லை தீரும். கஷாயம், நேர்த்திக்கடன் பற்றி நான் சண்டை பிடிக்கமாட்டேன். ரம்பொடை ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதும் ஸ்கேனுக்குப் போவதும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. கஷாயம் குடிப்பதாக இருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள், அது போதும்.

ஒப்பரேஷனைப் பொறுத்தவரை உங்கள் கட்டி இருக்கும் இடம் நல்ல இடம். மேற்பரப்பில் இருப்பதால் மூளையை விலக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போகத் தேவையில்லை. மண்டையோட்டில் ஒரு மூடி மாதிரி வெட்டித் திறந்து, கட்டியையும் அது ஒட்டியிருக்கும் சவ்வையும் எடுத்து, மூடியைத் திரும்பப் பொருத்திவிடுவார்கள். எவ்வளவு முழுமையாக எடுத்தார்கள் என்பதைத் தரம் பிரிக்க சிம்ப்சன் என்பவர் 1957இல் ஒரு அளவுகோல் போட்டார், இன்றைக்கும் டொக்டர்மார் அந்தக் கணக்கில்தான் கதைப்பார்கள். அவர் பார்த்த நோயாளிகளில், சவ்வோடு சேர்த்து முழுவதும் எடுத்தவர்களிலும் நூற்றுக்கு 9 பேருக்குக் கட்டி திரும்ப வந்தது. அதனால் எடுத்துவிட்டால் ஸ்கேனில் இருந்து விடுதலை என்று உங்கள் வீட்டுக்காரர் நினைத்தால் அது நடக்காது. எடுத்தபிறகும் வருடாவருடம் ஸ்கேன் உண்டு.

ஒப்பரேஷன் மேசையில் உயிர் போகுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இப்படியான இடத்தில் அது மிக அபூர்வம். ஆட்கள் கேட்க மறப்பது அதற்குப் பின்னால் வரும் மாதங்களைப் பற்றி. ஒப்பரேஷனுக்கு முன் ஒரு தடவைகூட வலிப்பு வராதவர்களில் சிலருக்குப் பிறகு வரும். இரண்டு மூன்று மாதம் சோர்வு இருக்கும், அதுவும் சாதாரணச் சோர்வு இல்லை. நாற்பது பிள்ளைகள் சத்தம் போடும் வகுப்பறையில் அரை மணித்தியாலம் நின்றால் சுவரைப் பிடிக்க வேண்டி வரும். வீக்கம் குறைய டெக்ஸாமெதசோன் கொடுத்தால் சீனி ஏறும், இரவில் தூக்கம் வராது, கண்ட நேரத்தில் பசிக்கும். அதைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இதெல்லாம் கடந்து போகும் விஷயங்கள்தான். ஆனாலும் இவ்வளவையும் சுகமாக இருக்கும் ஒரு ஆள் விலையாகக் கொடுக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

என் வார்டுக்கு வந்த ஒரு டீமேக்கர் ஞாபகத்துக்கு வருகிறார். ஐம்பதைத் தாண்டியவர், தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருட வேலை. அரைத்த கொழுந்தில் பச்சை வாசம் போய்ப் பழ வாசம் எழும்பும் நேரத்தை மூக்கால் பிடித்து, "சரி, அடுப்புக்கு விடு" என்று சொல்லும் ஆள். அவருக்கு மெனிஞ்சியோமா வந்தது மூக்குக்கு நேர் மேலே, வாசனை நரம்பு போகும் பள்ளத்தில். மூன்று சென்ரிமீற்றர். ஒரு பக்க மூக்கில் ஏற்கெனவே வாசம் செத்துப்போயிருந்தது, கோப்பித்தூளை வைத்துச் சோதிக்கும் வரை அவருக்கே தெரியாது. எடுத்தால் மற்றப் பக்கமும் போகலாம் என்று நிபுணர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் "அப்போ பார்த்துக்கொண்டிருப்போம் சேர்" என்றார். எனக்கு ஆத்திரம். மூன்று சென்ரிமீற்றரை வைத்துக்கொண்டு மூக்கைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று வீட்டில் வந்து திட்டினேன். இரண்டு வருடம் ஒரு ஸ்கேன் தவறாமல் வந்தார். கண் பார்வையையும் ஒவ்வொரு தடவையும் சோதித்தார்கள், அந்த இடத்துக் கட்டி பெருத்தால் பார்வை நரம்பை நெரிக்கும் என்பதால். கடைசி ஸ்கேனில் நாலு மில்லிமீற்றர் கூடியிருந்தது. அப்போது அவராகவே "எடுங்கள்" என்றார். எடுத்தார்கள், வாசம் முழுவதும் போனது. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் உதவியாளருக்கு வாசம் பிடிக்கப் பழக்கியிருந்தார், மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார். திரும்ப வேலைக்குப் போனபோது நிறத்தையும் கைப்பதத்தையும் வைத்துத் தூள் போட்டார். நான் அவசரப்பட்டது போல அவரும் அவசரப்பட்டிருந்தால் அந்த இரண்டு வருட மூக்கு அவருக்குக் கிடைத்திருக்காது.

இதைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொருவர் கொழுந்து பறிக்கும் அம்மா. அவருக்கும் "ஆறு மாதத்தில் வாங்க" என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேனுக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள், கிளினிக்குக்கு ஒரு நாள், மூன்று நாள் பேர், அதாவது மூன்று நாள் கூலி போகும். விடிய நாலு மணி பஸ். கிளினிக்கில் சிங்களத்தில் சொன்னதில் அவருக்கு விளங்கியது "பய வென்ன எபா", பயப்பட வேண்டாம் என்பது மட்டும். நாலு வருடம் அவர் வரவில்லை. பிறகு வலிப்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், கட்டி ஆறு சென்ரிமீற்றர். உயிர் தப்பியது, வலது கை பழையபடி வரவில்லை. கூடைக் கயிறு நெற்றியில் பதியும் இடமும் தையல் போட்ட இடமும் ஒன்றாக இருந்ததால் மலைக்கும் போக முடியவில்லை, தோட்டத்தில் இலகு வேலை கேட்டு அலைந்தார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆறு மாதம் என்றால் எந்தத் தேதி, ஏன் வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் மொழியில் ஒருவரும் உட்கார்ந்து சொல்லவில்லை. டீமேக்கரும் காத்திருந்தார், இந்த அம்மாவும் காத்திருந்தார். ஒருவர் கையில் தேதி இருந்தது.

கதிர் சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காமா நைஃப் என்று பெயர் இருந்தாலும் அதில் கத்தி கிடையாது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் 1960களின் கடைசியில் கொண்டுவந்த முறை. பல திசையிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பது. பெரும்பாலும் மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிக்குத்தான் பொருந்தும். கட்டியை அது எடுக்காது, வளர விடாமல் நிறுத்தும். ஆழத்தில், நரம்புகளுக்கு நடுவில் இருக்கும் கட்டிக்கு அருமையான வழி. உங்களுடையது போல மேற்பரப்பில் இருந்தால், கதிர் கொடுத்துச் சில மாதம் கழித்து சுற்றி வீக்கம் வருவதுண்டு. வளராத கட்டிக்கு இப்போதைக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

சென்னைத் தம்பிக்கு என்ன சொல்வது? வேலூர் சி.எம்.சியில் 1949இலிருந்து நரம்பியல் சத்திர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, பெங்களூர் நிம்ஹான்ஸில் காமா நைஃப் இருக்கிறது, திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேற்பரப்பு மெனிஞ்சியோமா கண்டியிலும் கொழும்பிலும் நம் நிபுணர்கள் வழக்கமாகச் செய்வது, அதுவும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக. அங்கே செய்துகொண்டு வந்து, மூன்றாம் மாதம் இரவு பதினொரு மணிக்குப் பொகவந்தலாவையில் வலிப்பு வந்தால் பார்க்கப்போவது யார்? இங்கேயுள்ள டொக்டர்தான். அவர் கையில் உங்கள் ஃபைல் இருப்பது நல்லது. இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் இன்னொரு நரம்பியல் சத்திர சிகிச்சை நிபுணரிடம், அதே எம்.ஆர்.ஐ படங்கள் பதிந்த சீ.டி தட்டைக் கொண்டுபோய். அதனால் உங்கள் டொக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள்.

கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஏழு வருடமாக மூன்று மாதக் கருத்தடை ஊசி போடுகிறேன் என்று. எனக்கு அதுதான் முக்கியமான வரி. அந்த ஊசியில் இருப்பது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன், டெப்போ என்று சொல்வோமே, அது. 2024 மார்ச்சில் பிரான்ஸிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் இந்த ஊசி போட்ட பெண்களில், ஒப்பரேஷன் வரை போகும் மெனிஞ்சியோமா ஐந்து மடங்குக்கு மேல் கூடுதலாகக் காணப்பட்டது. பயந்துவிடாதீர்கள். மூலக் கணக்கே மிகச் சிறியது, ஊசி போட்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் வருவதில்லை. உங்கள் கட்டி ஊசியால்தான் வந்தது என்றும் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கட்டி இருக்கிறது என்று தெரிந்தபிறகு அந்த ஊசியைத் தொடரக் கூடாது. அடுத்த ஊசித் தேதிக்கு முன்னால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். ஹோர்மோன் இல்லாத செப்பு லூப் இருக்கிறது. தோட்டப்புறத்தில் இந்த ஊசி போடும் பெண்கள் நிறைய, அதனால் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். நிபுணரிடமும் சொல்லுங்கள், அவராகக் கேட்டிருக்கமாட்டார். ஊசியை நிறுத்தியபிறகு கட்டி வளராமல் நிற்குமா என்று பார்ப்பதற்கும் இந்த ஆறு மாதம் உதவும்.

இனி நடைமுறை. எம்.ஆர்.ஐ ஃபிலிமை லயத்துச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சீ.டியைக் கேட்டு வாங்குங்கள், ரிப்போர்ட்டைப் படம் எடுத்து இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். முடிந்தால் அடுத்த ஸ்கேனையும் அதே இடத்தில் எடுங்கள். வேறு மெஷினில், வேறு ஆள் அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் முன்பின் ஆகும், அதை வளர்ச்சி என்று நினைத்துக் கலங்கக் கூடாது. ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிய சாய ஊசி போடுவதால் சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கிளினிக்குக்குச் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். உங்களுக்கே தெரியும் என்றாலும் பரவாயில்லை, பயத்தில் இருக்கும் ஆளுக்குத் தாய்மொழியே பாதிதான் காதில் விழும். எத்தனை மில்லிமீற்றர் கூடினால் எடுக்கச் சொல்வீர்கள், எடுத்தால் என் இடத்தில் என்ன சேதம் வரலாம், அடுத்த தேதி எது, இந்த மூன்றையும் கேட்டு கிளினிக் கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள்.

படிப்பிக்கலாம், படியேறலாம், சமைக்கலாம், ஃபோன் பேசலாம். வலிப்பு வராத ஒருவருக்கு முன்கூட்டியே வலிப்பு மாத்திரை தேவைப்படுவதில்லை. ஆனால் வலது கையோ காலோ சோர்ந்தால், வார்த்தை வாயில் வராமல் தடுமாறினால், விடியற்காலையில் வாந்தியோடு புதுவிதத் தலைவலி வந்தால், ஒரு தடவை வலிப்பு வந்தாலும்கூட, நவம்பர் வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தேவையென்றால் அவர்களே கண்டிக்கு அனுப்புவார்கள். வலிப்பின்போது கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது எதுவும் வேண்டாம், பக்கவாட்டில் படுக்க வைத்து நேரத்தைப் பார்த்தால் போதும். இதை மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

காசு விஷயம்: அரசாங்க ஆசிரியர் என்பதால் உங்களுக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கும், பில்லுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஜனாதிபதி நிதிய உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரரின் ஈ.பி.எஃப் சேமிப்பில் கைவைக்கும் நிலை உங்களுக்கு இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். என் கூடப்பிறந்த தங்கச்சியாக இருந்தால் ஊசியை நிறுத்தச் சொல்லி, ஆறாம் மாதம் ஸ்கேனுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். அளவு அப்படியே இருந்தால் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. தெளிவாக வளர்ந்தாலோ, சுற்றி வீக்கம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ தள்ளிப்போடாமல் எடுக்கச் சொல்வேன். உங்கள் வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன்: 43 வயதில் முன்னால் நாற்பது வருடம் கிடக்கிறது, கட்டிக்கு வளர நேரம் உண்டு. எழுபது வயதுக்காரருக்குச் சொல்வது போல "இது உங்களோடேயே இருந்துவிட்டுப் போகட்டும்" என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. என்றைக்காவது எடுக்க வேண்டி வரலாம். தினமும் அதையே நினைத்து வாழ முடியவில்லை, எடுத்துவிட்டால்தான் நிம்மதி என்று ஒரு வருடம் கழித்தும் உங்களுக்குத் தோன்றினால் அதுவும் எடுப்பதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டும், சித்தப்பா மகன் இல்லை.

நவம்பரில் பரீட்சை வேலைகள் நெருக்கும், அதனால் ஸ்கேன் தேதியை இப்போதே போட்டு அதிபரிடம் லீவு சொல்லி வையுங்கள். ரிப்போர்ட் வந்ததும் மே மாத அளவையும் புது அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.